யாரும் தொடாத ஒரு வரி: பி.எச்.பி மொழியும் அதன் மாறிய இயல்புநிலைகளும்

போன வருடம் எங்கட வாசிப்பு வட்டத்தின் பழைய இணையத்தளத்தை ஒரு சேர்வரில இருந்து இன்னொன்றுக்கு மாற்றினோம். எங்களுக்கு முன்னம் படிச்ச அண்ணாமார் 2008 அளவில் கட்டின தளம். நூற்றுச் சொச்சம் கட்டுரைகள், கொஞ்ச நேர்காணல்கள், ஒரு நாடக விழாவின் படங்கள், அவ்வளவுதான். பழைய கணக்கைப் புதுப்பிக்கக் காசு காணாது என்றதால் மலிவான ஒரு இடத்துக்குக் கோப்புகளை அப்படியே ஏற்றினோம். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. ஏற்றி முடிச்சு முகவரியைத் தட்டினால், கட்டுரைகள் வரவேண்டிய இடத்தில் அரையும் குறையுமாகக் கணினி நிரல் வந்து நின்றது.

நாங்கள் எல்லாரும் கலைப்பீடம். திரையைப் படம் பிடிச்சு, கணினி விஞ்ஞானம் படிச்சு முடிச்ச ஒரு அக்காவுக்கு அனுப்பினோம். அவ பதில் எழுதவில்லை, உடனே கோல் எடுத்தா.

"பிள்ளையள், முதல்ல தளத்தை நிப்பாட்டுங்கோ. பேந்து கதைப்பம்."

"ஏன் அக்கா?"

"வலது கிளிக் பண்ணி பக்கத்தின்ர மூலத்தைத் திறந்து பாருங்கோ. உங்கட தரவுத்தளப் பாஸ்வேர்ட் முழு உலகத்துக்கும் தெரியுது."

திறந்து பார்த்தோம். உண்மைதான். முகப்புப் பக்கத்தின் தொடக்கத்திலேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வெட்டவெளியில் கிடந்தது.

"நாங்கள் ஒண்டும் மாத்தேல்லையே அக்கா."

"நீங்கள் மாத்தேல்ல. டிஃபோல்ட் மாறியிருக்கு."

அந்த ஒரு வசனம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். டிஃபோல்ட் என்பதைத் தமிழில் இயல்புநிலை என்கிறோம். நீங்கள் எதையும் தெரிவு செய்யாவிட்டால் உங்களுக்காக ஏற்கெனவே தெரிவு செய்து வைக்கப்பட்டிருப்பது. அப்படியென்றால் யாரோ ஒருவர் ஒருநாள் அதைத் தெரிவு செய்திருக்க வேண்டும். யார், எப்ப, ஏன்? வரலாறு படிக்கிற ஆக்களுக்கு இது பழகின கேள்வி. ஆவணக் காப்பகத்துக்குப் பதிலாக இந்த முறை ஒரு கணினி மொழியின் பதிப்புகளைத் தேடிப் போனோம்.

ஒரு ஆளின் முகப்புப் பக்கம்

அந்த மொழியின் பெயர் பி.எச்.பி. கிறீன்லாந்தில் பிறந்த ரஸ்மஸ் லேர்டோர்ஃப் என்பவர் 1994இல் தன்ர தேவைக்காக எழுதின சில சின்னச் சின்னக் கருவிகள்தான் இதன் தொடக்கம். இணையத்தில் போட்டிருந்த தன்னுடைய சுயவிவரப் பக்கத்தை யார் வந்து பார்க்கிறார்கள் என்று அறிவது அவருடைய தேவைகளில் ஒன்று. 1995 ஜூனில் அதைப் பொதுவில் வெளியிட்டார். அப்போது அதன் பெயரே 'பேர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்'. தனிப்பட்ட முகப்புப் பக்கத்துக்கான கருவிகள். ஒரு நிரலாக்க மொழியை உருவாக்கும் எண்ணம் அப்போது இருந்ததாகத் தெரியவில்லை. பெயரே அதைச் சொல்கிறது.

இந்தக் கருவிகளின் பலமே, இணையப் பக்கத்துக்குள்ளேயே கட்டளைகளை எழுதலாம் என்பதுதான். பக்கம் என்பது எச்.டி.எம்.எல் என்ற குறிமொழியில் எழுதப்பட்ட சாதாரண எழுத்து. அதுக்குள்ள "இந்த இடத்தில் இருந்து இந்த இடம்வரை கட்டளை, மிச்சமெல்லாம் பக்கம்" என்று சேர்வருக்குச் சொல்ல ஒரு அடையாளம் வேணும். ஆரம்பத்தில் அது எச்.டி.எம்.எல்லில் குறிப்பு எழுதப் பயன்படும் <!-- என்ற குறியாக இருந்தது. பிறகு <? என்ற இரண்டு எழுத்துக் குறி வந்தது.

இந்த இரண்டு எழுத்தை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எச்.டி.எம்.எல்லுக்குத் தாய் என்று சொல்லக்கூடிய எஸ்.ஜி.எம்.எல் என்ற தரம் 1986இல் வந்தது. பக்கத்தைக் கையாளும் நிரலுக்குத் தனியாக அறிவுறுத்தல் எழுத அதில் ஏற்கெனவே இருந்த குறி இது. கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பாவித்தார்கள். இரண்டு எழுத்து என்பதால் தட்டச்சு செய்யவும் சுகம்.

1997இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள டெக்னியோன் நிறுவனத்தில் படிச்சுக்கொண்டிருந்த ஸீவ் சுராஸ்கி, அன்டி குட்மான்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் தங்கட பல்கலைக்கழகச் செயற்திட்டம் ஒன்றுக்கு இதைப் பாவிக்க முயன்றார்கள். அது போதாமல் இருந்தது. மொழியின் அடிப்பகுதியைத் திரும்ப எழுதினார்கள். லேர்டோர்ஃபும் அவர்களும் சேர்ந்து 1998 ஜூனில் மூன்றாம் பதிப்பை வெளியிட்டார்கள். 2000 மே மாதம் நான்காம் பதிப்பு வந்தது. அதுக்குப் பிறகு பி.எச்.பி ஓடின ஓட்டம் வேறு. 2003இல் தொடங்கின வேர்ட்பிரஸ், 2004இல் தொடங்கின பேஸ்புக், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி எல்லாமே பி.எச்.பியில் எழுதப்பட்டவை. நாங்கள் பாடங்களுக்கு ஓடிப்போகிற நூலகம் எண்ணிம நூலகமும் மீடியாவிக்கியின் மேல் கட்டப்பட்டதுதான். அதன் முகவரிகளை உற்றுப் பார்த்தால் பி.எச்.பி என்ற மூன்று எழுத்தும் அதுக்குள்ள கிடக்கும்.

ஏன் இவ்வளவு பரவியது? நிரலாக்கம் படிக்காத ஆட்களாலும் எழுதக்கூடியதாக இருந்தது. ஒரு பக்கத்தை எடு, நடுவில இரண்டு வரி எழுது, மலிவான ஹோஸ்டிங்கில் ஏற்று, வேலை செய்யும். எங்கட அண்ணாமாரும் அப்படித்தான் செய்தவை. தொடக்ககால இயல்புநிலைகள் எல்லாம் இப்படிப்பட்ட ஆட்களை மனதில் வைத்துத் தெரிவு செய்யப்பட்டவை. அந்த இலகுதான் பின்னாளில் பிரச்சினையாகவும் வந்தது.

முகவரியில எழுதினால் திறக்கும் கதவு

முதலாவது பெரிய மாற்றம் 2002இல் நடந்தது. அதன் பெயர் 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்'. பெயரை விடுங்கோ, வேலையைப் பார்ப்போம்.

ஒரு இணையப் படிவத்தில் 'பெயர்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. நீங்கள் அதில் எதையோ எழுதி அனுப்புகிறீர்கள். அந்த அமைப்பு இயங்கும் நிலையில் இருந்தால், நிரலுக்குள் $பெயர் என்ற மாறி தானாகவே உருவாகி, நீங்கள் எழுதினது அதுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கும். எழுதுகிற ஆள் எதையும் கேட்டு வாங்கத் தேவையில்லை. (மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது இதைப் படிக்கும்போது எங்களுக்குத் தெரியவந்த சந்தோசமான விசயம். பி.எச்.பி அதைத் தடுப்பதில்லை.)

இலகுதான். ஆனால் இப்படி ஒரு நிரலை யோசியுங்கோ: கடவுச்சொல் சரியென்றால் $அனுமதி என்ற மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடு. பிறகு, $அனுமதி 1 ஆக இருந்தால் இரகசியப் பக்கத்தைக் காட்டு. பார்க்கச் சரியாகத்தான் இருக்கு. ஆனால் கடவுச்சொல் தெரியாத ஒருவர் உலாவியின் முகவரிக் கோட்டில் கடைசியாக ?அனுமதி=1 என்று சேர்த்துத் தட்டினால், அந்த மாறி வெளியில் இருந்தே உருவாகிவிடும். கடவுச்சொல் பிழைதான், ஆனாலும் கதவு திறக்கும். மாறிக்கு முதலில் 0 என்று மதிப்புக் கொடுத்துத் தொடங்கியிருந்தால் இது நடக்காது. கவனமான நிரலாளர் அப்படித்தான் எழுதுவார். ஆனால் பி.எச்.பி கவனமான நிரலாளரை மட்டும் நம்பி வளர்ந்த மொழி இல்லையே.

2001 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பு படிவத்தில் இருந்து வருவதைத் தனிப் பெட்டிகளில் இருந்து கேட்டு வாங்கும் புதிய வழியைக் கொண்டுவந்தது. நாலு மாதம் கழித்து, 2002 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டது. அமைப்பு நீக்கப்படவில்லை. வேணுமென்றால் திரும்ப இயக்கலாம். மாறினது இயல்புநிலை மட்டும்தான்.

அந்த நேரம் கடைகளில் இருந்த பாடநூல்கள் பழைய வழியைக் கற்றுக்கொடுத்தவை. புத்தகத்தைப் பார்த்து அச்சொட்டாக எழுதியும் படிவம் வேலை செய்யாது. சத்தம் போடாமல் வெறுமையாக வரும். பிழை தன்னில் என்றுதான் புதிதாகப் படிக்கிற ஆள் நினைப்பார். வாடிக்கையாளர்களின் தளங்கள் நின்றுபோகும் என்ற பயத்தில், பல ஹோஸ்டிங் கொம்பனிகள் புதிய பதிப்பைப் போட்டுவிட்டு அந்த அமைப்பை மட்டும் திரும்ப இயக்கி வைத்தன. இந்த இழுபறி பத்து வருடம் நீடித்தது. 2009இல் வந்த 5.3 பதிப்பு "இது கைவிடப்படப் போகிறது" என்று எச்சரிக்கை கொடுத்தது. 2012 மார்ச்சில் வந்த 5.4 பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டது.

எங்கட கட்டுரைகளுக்குள் கிடந்த கோடுகள்

அதே 5.4 பதிப்பில் நீக்கப்பட்ட இன்னொன்று 'மாஜிக் கோட்ஸ்'. படிவத்தில் மேற்கோள் குறி ஒன்று வந்தால் அதுக்கு முன்னால் தானாகவே ஒரு பின்சாய்கோடு \ சேர்க்கும் அமைப்பு. தரவுத்தளக் கட்டளைக்குள் மேற்கோள் குறியை நுழைத்து நடத்தும் தாக்குதலைத் தடுக்க நல்லெண்ணத்தில் வைத்தது. ஆனால் எது தரவுத்தளத்துக்குப் போகிறது, எது நேரே திரைக்குப் போகிறது என்று அதுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் கோடு போடும். நிரலாளரும் கவனமாக இருந்து தானும் ஒரு கோடு சேர்த்தால் கோட்டுக்கு மேல் கோடு.

இதைப் படிச்ச பிறகுதான் எங்களுக்கு ஒரு பழைய புதிர் அவிழ்ந்தது. எங்கட தளத்தின் ஆரம்பக் கட்டுரைகள் சிலவற்றில் மேற்கோள் குறி வரும் இடமெல்லாம் இரண்டு மூன்று பின்சாய்கோடுகள் கிடக்கும். டி'சூசா என்ற பெயர் டி\\'சூசா என்று நிற்கும். தட்டச்சுப் பிழை என்று நினைத்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தோம். அது தட்டச்சுப் பிழை இல்லை. அந்தக் காலத்து இயல்புநிலை ஒன்று கட்டுரைக்குள் விட்டுப்போன தடம். அகழாய்வில் மண் அடுக்கைப் பார்த்துக் காலம் சொல்வது போல, கோடு இருக்கிற கட்டுரையெல்லாம் எந்த அமைப்பின் கீழ் ஏற்றப்பட்டது என்று இப்போது எங்களால் சொல்ல முடியும்.

இரண்டு எழுத்தா, ஐந்து எழுத்தா?

இனி எங்கட கடவுச்சொல்லை வெளியில் போட்ட விசயத்துக்கு வருவோம்.

1998 பெப்ரவரியில் எக்ஸ்.எம்.எல் என்ற தரம் வெளிவந்தது. அதுவும் எஸ்.ஜி.எம்.எல்லின் பிள்ளைதான். எக்ஸ்.எம்.எல் கோப்பு ஒன்று வழக்கமாக <? என்ற குறியோடு எக்ஸ்.எம்.எல் என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து எழுதித் தொடங்கும். பி.எச்.பி அந்த இரண்டு எழுத்தைக் கண்டவுடன் "ஆ, எனக்கான கட்டளை" என்று உள்ளே நுழைந்து, வாசித்து, விளங்காமல் பிழை சொல்லும். ஒரே வீட்டு இலக்கத்தில் இரண்டு குடும்பம் இருக்கிற மாதிரி.

தீர்வும் எக்ஸ்.எம்.எல்லின் இலக்கணத்திலேயே இருந்தது. அந்தக் குறிக்குப் பின்னால் யாருக்கான அறிவுறுத்தல் என்று பெயரைச் சேர்க்க வேணும் என்று அது சொல்கிறது. ஆகவே <? என்பதோடு பி.எச்.பி என்ற மூன்று எழுத்தையும் சேர்த்து எழுதினால் குழப்பம் இல்லை. இதை நீளக்குறி என்போம். வெறும் <? குறுங்குறி. குறுங்குறியை ஏற்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் அமைப்பின் பெயர் 'ஷோர்ட் ஓப்பன் டாக்'. நீளக்குறி எங்கேயும் எப்போதும் வேலை செய்யும். குறுங்குறி, அந்த அமைப்பு இயங்கினால்தான்.

இந்த அமைப்பின் இயல்புநிலை என்ன என்று தேடினபோதுதான் எங்களுக்குத் தலை சுற்றியது. ஏனென்றால் இயல்புநிலை ஒன்றில்லை, மூன்று இருக்கிறது. முதலாவது, மொழியின் உள்ளேயே பதிக்கப்பட்டது. அது இன்றுவரை 'இயக்கு' என்றுதான் இருக்கிறது. இரண்டாவது, மொழியோடு சேர்த்து வழங்கப்படும் மாதிரி அமைப்புக் கோப்பு. 2009இல் 5.3 பதிப்போடு வந்த இரண்டு மாதிரிக் கோப்புகளிலும் அது 'நிறுத்து'. மூன்றாவது, ஹோஸ்டிங் கொடுக்கிற கொம்பனி தன் சேர்வரில் வைத்திருப்பது. அது அவரவர் விருப்பம். ஆக, ஒரே பதிப்பு, ஒரே கோப்பு, இரண்டு சேர்வர். ஒன்றில் கட்டுரை வரும். மற்றதில் நிரல் வரும்.

நிறுத்தி வைத்தால் ஏன் நிரல் வெளியில் வருகிறது? இதுதான் விசயத்தின் முள். குறுங்குறியை ஏற்காத சேர்வருக்கு <? என்பது கட்டளையின் தொடக்கமே இல்லை. அது வெறும் எழுத்து. பக்கத்தின் மிச்ச எழுத்துகளைப் போலவே அதையும் உலாவிக்கு அனுப்பிவிடும். சேர்வரின் கணக்கில் எந்தப் பிழையும் நடக்கவில்லை. உலாவியோ அந்தக் குறியில் இருந்து அடுத்த > வரைக்கும் குறிப்பு என்று எண்ணி மறைத்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். அதனால்தான் எங்கட திரையில் அரையும் குறையுமாக வந்தது. மூலத்தைத் திறந்தால் முழுக்கக் கிடந்தது.

அதனால் விசயம் தெரிந்தவர்கள் படிப்படியாகக் குறுங்குறியைக் கைவிட்டார்கள். வேர்ட்பிரஸின் எழுத்து விதிகள் அதைப் பாவிக்க வேண்டாம் என்கின்றன. பல பி.எச்.பி செயற்திட்டங்கள் சேர்ந்து 2012இல் வெளியிட்ட பொது விதிமுறையும் நீளக்குறியையும், ஒரு மதிப்பை அச்சிடப் பயன்படும் <?= குறியையும் மட்டுமே அனுமதிக்கிறது. அந்த <?= குறியை 5.4 பதிப்பு அமைப்பில் இருந்து விடுவித்து, எந்தச் சேர்வரிலும் வேலை செய்ய வைத்தது. மைக்ரோசொஃப்டின் ஏ.எஸ்.பியைப் பார்த்துச் சேர்த்த <% குறி 2015 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. எஞ்சி நின்றது குறுங்குறி மட்டும்தான்.

2019: வாக்கெடுப்பும் மறுவாக்கெடுப்பும்

பி.எச்.பி ஒரு திறந்த மூல மொழி. மாற்றம் வேண்டுகிறவர் முன்மொழிவு எழுத வேணும். வாக்குரிமை உள்ள பங்களிப்பாளர்கள் விவாதித்து வாக்களிப்பார்கள். 2019இல் ஜோர்ஜ் பீட்டர் பன்யார்ட் என்பவர் குறுங்குறியை 7.4 பதிப்பில் கைவிடப்பட்டதாக அறிவித்து, 8ஆம் பதிப்பில் நீக்கிவிட வேணும் என்று முன்மொழிந்தார். காரணங்கள் நியாயமானவை: எக்ஸ்.எம்.எல்லோடு மோதுகிறது, எந்தச் சேர்வரில் வேலை செய்யும் என்று உறுதி இல்லை, நல்ல மாற்று ஏற்கெனவே இருக்கிறது. வாக்கெடுப்பில் முன்மொழிவு வென்றது.

வென்ற பிறகுதான் பெரிய சத்தம் கிளம்பியது. எதிர்த்தவர்களில் ஒருவர், இருபது வருடத்துக்கு முதல் ஹைஃபாவில் அந்த மொழியைத் திரும்ப எழுதின மாணவர்களில் ஒருவரான ஸீவ் சுராஸ்கி. எதிர்ப்பின் சாரம் இதுதான்: இந்த மாற்றத்தால் கிடைக்கும் நன்மை சிறியது. உலகம் முழுக்கப் பழைய கோப்புகள் குறுங்குறியோடு கிடக்கின்றன. சேர்வரைப் புதுப்பிக்கும் நாளில் அவற்றின் நிரல் அப்படியே வெளியில் கொட்டும். கடவுச்சொல்லோடு சேர்த்து. முடிந்த வாக்கெடுப்பைத் திரும்பக் கிளறுவது முறையா என்ற சண்டையும் நடந்தது. கடைசியில் திருத்தப்பட்ட இரண்டாவது முன்மொழிவு ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. அது தோற்றது. 2020 நவம்பரில் 8ஆம் பதிப்பு குறுங்குறியோடேயே வெளிவந்தது.

இதை முதலில் வாசிக்கும்போது எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. "பழசைப் பிடிச்சுத் தொங்குகினம், 2002இல துணிஞ்சவை ஏன் 2019இல பயந்தவை?" என்று ஒரு கட்சி. "எங்கட தளத்துக்கு நடந்ததைப் பார்த்த பிறகுமா?" என்று மற்றது. கன நேரம் வாதாடினோம். பிறகு ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

2002இல் மாறின இயல்புநிலையும் தளங்களை உடைத்தது. ஆனால் படிவம் வேலை செய்யவில்லை, கதவு பூட்டின மாதிரி நின்றது. உள்ளே இருந்தது உள்ளேயே இருந்தது. குறுங்குறி நிறுத்தப்பட்டால் தளம் மறுபக்கம் விழுகிறது. கதவு கழன்று, உள்ளே இருப்பது தெருவுக்கு வருகிறது. இன்னொரு உதாரணமும் எங்கட கையிலேயே இருந்தது. அக்கா குறுங்குறியைச் சரிப்படுத்தின பிறகும் தளம் ஓடவில்லை. பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகள் 7ஆம் பதிப்பில் நீக்கப்பட்டிருந்தன. ஆனால் அந்த முறை இந்தச் செயற்கூறே இல்லை, இந்தக் கோப்பு, இந்த வரி என்று தெளிவான பிழைச்செய்தி வந்தது. எரிச்சல்தான், ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்தது.

ஆகவே இயல்புநிலையை மாற்றலாமா கூடாதா என்பது அரைக் கேள்விதான். மாற்றினால் உடைகிறது எந்தப் பக்கம் விழும், விழும்போது சத்தம் கேட்குமா என்பது மிச்ச அரை.

பழைய வீட்டை இடிக்காமல்

வேறு ஒரு வழியும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கும் இதே தலையிடி வந்தது. தொடக்ககாலத் தளர்வான விதிகள் பல பிழைகளுக்குக் காரணமாக இருந்தன. ஆனால் அந்த மொழி ஓடுவது வாசகரின் உலாவியில். உலாவியின் இயல்புநிலையை மாற்றினால் உலகத்தின் பழைய பக்கங்கள் எல்லாம் ஒரே நாளில் நொறுங்கும். அதனால் 2009 டிசம்பரில் வந்த ஐந்தாம் தரம் 'கண்டிப்பு முறை' ஒன்றை அறிமுகப்படுத்தியது. நிரலின் தலையில் ஒரு சின்ன வாசகத்தை மேற்கோள் குறிக்குள் எழுதினால் கண்டிப்பான விதிகள் பொருந்தும். எழுதாவிட்டால் பழைய விதிகள். பழைய உலாவிகளுக்கு அது அர்த்தமில்லாத வெறும் எழுத்துச் சரம். அவை பேசாமல் கடந்து போகும். பிறகு 2015இல் புதிய வடிவங்களைச் சேர்த்தபோது, அவற்றுக்குள் எழுதப்படுவதெல்லாம் தானாகவே கண்டிப்பு முறையில் இருக்கும் என்று வைத்தார்கள். பழைய நிரலை யாரும் தொடவில்லை. புதிய கதவால் வருகிற ஆட்களுக்கு மட்டும் புதிய விதி.

பி.எச்.பியும் 7ஆம் பதிப்பில் தரவு வகைகளைக் கண்டிப்பாகச் சோதிக்கும் முறையை இப்படித்தான் கொண்டுவந்தது. கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதினால் அந்தக் கோப்புக்கு மட்டும் கண்டிப்பு. 2002இன் காயங்களில் இருந்து படிச்ச பாடம் என்று நாங்கள் இதை வாசிக்கிறோம். இதுக்கும் விலை உண்டு. பழைய வீடும் புதிய வீடும் ஒரே வளவில் நிற்கும், இரண்டையும் பராமரிக்க வேணும், புதிதாகப் படிக்கிற ஆள் இரண்டையும் படிக்க வேணும். ஆனால் அந்த விலையைக் கொடுப்பது மொழியைக் கட்டுகிற ஆட்கள். தளத்தை ஏற்றிவிட்டு வேலை தேடி வெளிநாடு போன எங்கட அண்ணாமார் இல்லை.

வாக்கெடுப்பில் இல்லாத ஆட்கள்

2009இல் மாதிரிக் கோப்பில் 'நிறுத்து' என்று எழுதினவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் வெளியீட்டுக் குறிப்புகளில் இருக்கிறது. ஆனால் வெளியீட்டுக் குறிப்பை வாசிக்கிற ஆள் ஏற்கெனவே நீளக்குறிக்கு மாறியிருப்பார். வாசிக்காத ஆளுக்குத்தான் அந்தச் செய்தி தேவை. இயல்புநிலை என்பதே தெரிவு செய்யாத ஆட்களுக்காக இருப்பது. அதை மாற்றும்போது பாதிக்கப்படுவதும் அந்தத் தெரிவு இருக்கிறதென்றே தெரியாத ஆட்கள்தான். அவர்கள் எந்த வாக்கெடுப்பிலும் இருக்கமாட்டார்கள். 2019இல் நடந்த அந்தச் சண்டையில் எங்களுக்குப் பிடிச்சது இதுதான். வாக்குரிமை உள்ள ஆட்கள், அங்கே இல்லாத ஆட்களின் பழைய கோப்புகளைப் பற்றிக் கதைத்தார்கள்.

அதுக்காக எதையும் மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ரெஜிஸ்டர் குளோபல்ஸ் இன்றும் இயங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இதைவிட மோசம். அங்கே மாற்றாமல் விடுவதுதான் கதவைத் திறந்து வைப்பது. எங்கட தளத்தின் பிழையில் எங்களுக்கும் பங்கு உண்டு. கடவுச்சொல்லைப் பக்கத்தின் தலையில் எழுதி வைத்தது எங்கட பக்கத்து ஆட்கள். பத்து வருடத்துக்கு மேல் அதைத் திறந்தே பார்க்காதது நாங்கள்.

அடுத்த இரண்டு கிழமையும் பின்னேரங்களில் இருந்து வேலையை முடிச்சோம். முதலில் கடவுச்சொல்லை மாற்றி, அதை வெளியில் இருந்து எட்டாத ஒரு கோப்புக்குக் கொண்டுபோனோம். பிறகு ஒவ்வொரு கோப்பாகத் திறந்து குறுங்குறியை நீளக்குறியாக்கினோம். ஒரேயடியாகத் தேடி மாற்ற வெளிக்கிட்டபோது அக்கா மறிச்சா. <?= குறியும் எக்ஸ்.எம்.எல் தொடக்கமும் சேர்ந்து பழுதாகிவிடும் என்றா. அவ சொன்னது சரி. செய்தியோடைக் கோப்பைத் திறந்தால், எக்ஸ்.எம்.எல் குறியை நேரே எழுதாமல் ஒரு பி.எச்.பி கட்டளை மூலம் அச்சிட வைத்திருந்தார்கள் அண்ணாமார். பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு: இந்த வரியைத் தொடவேண்டாம், தொட்டால் பக்கம் வராது.

ஏன் வராது என்று அதில் எழுதவில்லை. இப்போது எங்களுக்குத் தெரியும். அந்தக் குறிப்புக்குக் கீழே காரணத்தையும் மூன்று வரியில் எழுதி, திகதி போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த முறை இந்தத் தளத்தை வேறு சேர்வருக்குக் கொண்டுபோகிற தம்பி தங்கைகளுக்கு.